மனோரஞ்சித மணமும் மனித குணமும்: வாசகர் கேள்வி – பதில்

வாசனைத் திரவியங்களைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பல, கடைகளில் "ஃப்ரூட்டி ஃப்ளோரல்" என்று சொல்லப்படுகிற, பழவாசம் கலந்த பூமணத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. ஆகவே இம்முறை வேறு எதற்கும் போகாமல் அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எனக்கு 27 வயது. வங்கியில் பணிபுரிகிறேன். இயல்பிலேயே அதிகம் பேசாதவள். அண்மையில் ஒரு கடையில் பீச் பழமும் மல்லிகையும் கலந்த ஒரு பெர்ஃப்யூமை முகர்ந்து பார்த்தேன், மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் விற்பனைப் பெண், "இது கலகலப்பாக இருக்கிறவர்களுக்கானது மேடம், உங்களுக்கு மரவாசனைதான் செட் ஆகும்" என்று சொல்லி வேறொன்றைக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தபின் அதைத் தொடவே மனம் வரவில்லை. ஒருவருடைய குணத்தைப் பார்த்து அவருக்குரிய வாசனையைச் சொல்ல முடியுமா? – வாசகி, திருச்சி

முடியாது என்பதே என் பதில். அந்தப் பெண்ணைக் குறை சொல்வதற்கில்லை. பயிற்சியின்போது அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். ஆனாலும் ஐந்து நிமிடம் நீங்கள் அமைதியாக நின்றதை வைத்து அவர் எடுத்த முடிவைவிட, அந்தப் புட்டியை முகர்ந்தவுடன் உங்கள் மனம் எடுத்த முடிவுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

இந்த வகை எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். மல்லிகை, ரோஜா, பியோனி போன்ற ஏதேனும் ஒரு பூவோ பல பூக்களின் கலவையோ நடுநாயகமாக நிற்க, பீச், பேரிக்காய், ஆப்பிள், லிச்சி, பிளம், பெர்ரி ஆகிய பழங்களின் சாயல் அதனோடு சேர்ந்து வருவதுதான் ஃப்ரூட்டி ஃப்ளோரல். பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் இது நமக்குப் புதிய சரக்கு என்று நினைக்க வேண்டாம். உங்கள் பாட்டி வீட்டுத் தோட்டத்தில் மனோரஞ்சிதக் கொடி இருந்திருந்தால், இந்த வகையின் மிகச் சிறந்த மாதிரியை நீங்கள் சிறு வயதிலேயே முகர்ந்திருப்பீர்கள். பச்சையாக இருக்கும்வரை மணமற்றிருந்து, மஞ்சளாக மாறியதும் தெருமுனைவரை மணக்கும் அந்தப் பூவில் பழங்களுக்கு வாசம் தருகிற எஸ்டர் சேர்மங்களே இருக்கின்றன. சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்த தாவரம் அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இலாங்-இலாங் பூவின் எண்ணெயில் வாழைப்பழச் சாயல் தெரிவதும், அந்த எண்ணெய் உலகப் புகழ்பெற்ற பெர்ஃப்யூம்கள் பலவற்றில் சேர்வதும் இங்கே நினைத்துக்கொள்ளத் தக்கவை.

மனோரஞ்சிதத்தைப் பற்றி நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. எந்தப் பழத்தை மனத்தில் நினைத்துக்கொண்டு முகர்கிறோமோ அந்தப் பழத்தின் வாசனை அதில் வரும் என்பார்கள். சிறுவர்களாக இருந்தபோது நாங்கள் மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் நினைத்து நினைத்து முகர்ந்து பார்த்து, வந்தது என்றும் வரவில்லை என்றும் சண்டையிட்டிருக்கிறோம். பல பழங்களுக்குப் பொதுவான சேர்மங்கள் ஒரே பூவில் இருப்பதால் மனம் எதைத் தேடுகிறதோ அதைக் கண்டுகொள்கிறது என்பதே இதன் விளக்கமாக இருக்க முடியும். வாசனைக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் செய்வதும் இதுதான். "இது குறும்புக்காரப் பெண்ணுக்கான மணம்" என்று ஒரு விளம்பரம் சொல்லிவிட்டால், முகரும் மூக்கு குறும்பைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது. மைக்கேல் எட்வர்ட்ஸ் என்ற நிபுணர் உருவாக்கிய மணச் சக்கரத்தைத்தான் இன்றும் பல கடைகள் வழிகாட்டியாக வைத்திருக்கின்றன. அந்தச் சக்கரம் வாசனைகளைத்தான் வகைப்படுத்துகிறதே தவிர, மனிதர்களை வகைப்படுத்தவில்லை. அதன்மேல் குணங்களை ஒட்டவைத்தது விற்பனைத் தந்திரம்.

அப்படியானால் மனநிலைக்கும் வாசனைக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. அது "பூ வகை, மர வகை" என்ற பெரும்பிரிவில் இல்லாமல், எந்தப் பழம், எவ்வளவு இனிப்பு என்ற நுட்பத்தில் இருக்கிறது. பச்சை ஆப்பிளும் பேரிக்காயும் சேர்ந்தவை, இப்போதுதான் நறுக்கிய பழத்தைப் போல நீர்ப்பதத்தோடும் துல்லியமாகவும் இருக்கும். காலையில் குளித்துவிட்டுக் கஞ்சிபோட்ட பருத்திப் புடவை உடுத்துவதில் மகிழ்பவர்களுக்கு இவை பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். பீச், ஆப்ரிகாட் சேர்ந்தவை மென்மயிர் படர்ந்த பழத்தோலைப் போல அடங்கிய வாசனை கொண்டவை. தூரத்திலிருந்து யாரையும் கூப்பிடாமல், அருகே வருபவருக்கு மட்டும் தெரியும். லிச்சியும் ரோஜாவும் இணைந்தவை பளிச்சென்று சிரிக்கும். பிளாக்கரண்ட் என்ற பெர்ரிச் செடியின் மொட்டுச் சாறு சேர்ந்தால் ஒரு புளிப்பும், சிலருக்குப் பூனை வாடையாகத் தோன்றுகிற ஒரு கூர்மையும் வரும். அதை விரும்புகிறவர் மிக விரும்புவார், வெறுப்பவர் மிக வெறுப்பார். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி போன்றவற்றோடு பஞ்சுமிட்டாய் வாசனை தரும் எத்தில் மால்டால் தாராளமாகச் சேர்ந்தவைதான் நீங்கள் கேள்விப்பட்ட "கலகலப்பு" வகை. திருவிழாக் கடைத்தெருவில் நடப்பது போன்ற அந்த இனிப்பு எனக்கு அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காது. இது என் மூக்கின் குறை, வாசனையின் குறையல்ல.

நீங்கள் விரும்பியது பீச்சும் மல்லிகையும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகையிலேயே அதிகம் பேசாத ஒன்று இருக்குமானால் அது அதுதான். உங்கள் குணத்துக்குப் பொருந்துமா என்று கேட்காமலேயே உங்கள் மூக்கு சரியானதை எடுத்திருக்கிறது. ஒருவேளை பஞ்சுமிட்டாய் வகையே உங்களுக்குப் பிடித்திருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. நாள் முழுக்க வாயைத் திறக்காத ஒருவர் துள்ளலான வாசனையை அணிந்துகொள்வதில் என்ன தவறு?

இந்தப் பெர்ஃப்யூம்களில் உண்மையான பழச்சாறு இருக்கிறதா? பீச், ஆப்பிள் என்று அட்டையில் படம் போட்டிருக்கிறார்களே? – வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் போன்ற நாரத்தை இனத்துப் பழங்களின் தோலைப் பிழிந்தால் வாசனை எண்ணெய் கிடைக்கும். ஆரஞ்சுத் தோலை விளக்குச் சுடரருகே மடக்கிப் பிழிந்து பொறி பறக்கவிட்டவர்களுக்கு அந்த எண்ணெயைத் தெரியும். பீச், ஆப்பிள், பேரிக்காய், ஸ்ட்ராபெர்ரி ஆகியவற்றின் சதையில் நீரும் சர்க்கரையும்தான் மிகுதி; வாசனைச் சேர்மங்கள் மிகச் சொற்ப அளவிலேயே இருப்பதால், பெர்ஃப்யூமுக்குப் பயன்படும்படி அவற்றைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. எனவே அந்த வாசனைகளை வேதியியலாளர்களே ஆய்வகத்தில் உருவாக்குகிறார்கள்.

இதன் வரலாறு சுவையானது. பழுத்த பீச்சின் மணத்தைத் தரும் காமா-அண்டெகலாக்டோன் என்ற சேர்மம் 1908-இல் கண்டறியப்பட்டது. அதை "ஆல்டிஹைட் சி-14" என்று வணிகப் பெயரிட்டு விற்றார்கள். அது ஆல்டிஹைட் என்ற சேர்ம வகையும் அல்ல, அதில் கார்பன் அணுக்கள் 14-ம் அல்ல, 11 மட்டுமே. போட்டி நிறுவனங்கள் குழம்பட்டும் என்று வைத்த பெயர் என்பார்கள். 1919-இல் பாரிசின் கெர்லேன் நிறுவனம் வெளியிட்ட மிட்சுகோ என்ற பெர்ஃப்யூமில் ழாக் கெர்லேன் இந்தப் பீச் வாசனையை ஓக் மரப்பாசியின் மணத்தோடு சேர்த்தார். மிட்சுகோ இன்றைய ஃப்ரூட்டி ஃப்ளோரல் வகையைச் சேர்ந்ததன்று; ஆயினும் பழவாசம் ஒரு தரமான பெர்ஃப்யூமில் தலைநிமிர்ந்து நிற்க முடியும் என்பதைக் காட்டிய முன்னோடி அதுவே.

இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட வியப்பானது. பல்கேரிய ரோஜா எண்ணெயை ஆராய்ந்த ஜெனீவாவின் ஃபிர்மெனிக் நிறுவனத்து வேதியியலாளர்கள், அதில் டமாஸ்கெனோன் என்ற சேர்மத்தைக் கண்டறிந்து 1970-இல் வெளியிட்டார்கள். எண்ணெயில் அதன் பங்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுதான். ஆனால் ரோஜாவை ரோஜாவாக நாம் உணர்வதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. தனியாக முகர்ந்தாலோ, அது வேகவைத்த ஆப்பிளையும் பிளம் பழத்தையும் நினைவூட்டுகிறது! நம் மல்லிகையும் இப்படித்தான். அதன் மணத்தில் முதன்மைப் பங்கு வகிக்கும் பென்சைல் அசிடேட்டுக்கு வாழைப்பழமும் பேரிக்காயும் கலந்த சாயல் இருக்கிறது. குண்டுமல்லியில் இருக்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட் திராட்சை வாசம் வீசுவது. செண்பகப் பூவை முகர்ந்து பார்த்தவர்களுக்கு அதனுள் கனிந்த பழத்தின் கொழகொழப்பு தெரியாமல் இருக்காது. பூவுக்குள்ளேயே பழம் இருக்கிறது என்பதால்தான் இந்த இரண்டையும் சேர்ப்பது எளிதாகக் கைகூடுகிறது. பெர்ஃப்யூம் கலைஞர் செய்வதெல்லாம் உள்ளே இருப்பதைச் சற்று வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது.

ஆய்வகத்தில் செய்தது என்பதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. மூலக்கூறு ஒன்றே என்றால், அது பழத்திலிருந்து வந்தாலும் குடுவையிலிருந்து வந்தாலும் மூக்குக்கு வேறுபாடு இல்லை.

எனக்கு 52 வயது. பள்ளி ஆசிரியை. வெளிநாட்டில் இருக்கும் மகள் ஜாதோர் என்ற பெர்ஃப்யூமை வாங்கி அனுப்பியிருக்கிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சக ஆசிரியை ஒருவர், "பழவாசனையெல்லாம் காலேஜ் பெண்கள் போடுவதல்லவா?" என்று கேட்டுவிட்டார். அது முதல் பூசத் தயக்கமாக இருக்கிறது. – வாசகி, மதுரை

உங்கள் சக ஆசிரியைக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் ஏறக்குறைய பத்தாண்டுக் காலம், இளம்பெண்களைக் குறிவைத்த இனிப்பான ஃப்ரூட்டி ஃப்ளோரல்கள் சந்தையை வெள்ளமாக மூழ்கடித்தன. 2004-இல் ஆப்பிள் வடிவப் புட்டியில் வந்த டி.கே.என்.ஒய். நிறுவனத்தின் பீ டெலிஷஸ், 2005-இல் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் பெயரில் வந்த ஃபேன்டசி ஆகியவை அந்த வெள்ளத்தில் புகழ்பெற்றவை. உடலில் தெளித்துக்கொள்ளும் மலிவான பாடி மிஸ்ட்டுகளும் ஷாம்புகளும் அதே வாசனைகளைப் பின்பற்றியதால், பழவாசம் என்றாலே கல்லூரி விடுதி என்ற நினைப்பு பலருக்கு நிலைத்துவிட்டது.

ஆனால் அந்த வெள்ளத்துக்கு முன்பே இந்த வகையில் நிதானமான படைப்புகள் வந்திருந்தன. சோஃபியா கிராய்ஸ்மன் உருவாக்கிய, லான்கோம் நிறுவனத்தின் ட்ரெசோர் 1990-இல் வெளிவந்தது. ரோஜாவையும் ஆப்ரிகாட்டையும் இழைத்த அந்த வாசனை, குளிர்காலத்துக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்ட உணர்வைத் தருவது. உங்கள் மகள் அனுப்பிய ஜாதோர் 1999-இல் டியோர் நிறுவனம் வெளியிட்டது. அதை அமைத்தவர் கலீஸ் பெக்கர். மல்லிகை, ரோஜா, இலாங்-இலாங் எனப் பல பூக்களை ஒரே மாலையாகத் தொடுத்து, எந்தப் பூவும் தனியே துருத்திக்கொண்டு நிற்காதபடி செய்து, பழச்சாயலை அந்தப் பூக்களின் மேல் படிந்த ஈரம் போல அவர் நிறுத்தியிருக்கிறார். புட்டியின் கழுத்தில் சுற்றிய பொன்னிற வளையங்களைப் பார்த்தாலே தெரியும், அது பள்ளிச் சிறுமிக்காகச் செய்யப்பட்டதன்று. வெளியான நாள் முதல் உலகெங்கும் நடுவயதுப் பெண்களின் மேசைகளில் இருந்துவரும் பெர்ஃப்யூம் அது.

வயது வாசனையைத் தீர்மானிக்காவிட்டாலும் அளவைத் தீர்மானிக்கலாம். தோலில் எண்ணெய்ப்பசை குறையக் குறைய வாசனை விரைவில் பறந்துவிடும். நுகர்திறனும் வயதோடு சற்று மங்குவதால், "மணக்கவில்லையே" என்று மேலும் மேலும் தெளிக்கத் தோன்றும். வகுப்பறைக்குள் நாற்பது பிள்ளைகளோடு அடைந்து இருப்பவர் நீங்கள். மணமில்லாத மாய்ச்சரைசரைத் தடவிக்கொண்டு, அதன்மேல் இரண்டே தடவை தெளியுங்கள், போதும். தயக்கம் இன்னும் போகவில்லை என்றால், முதல் சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை நேரங்களிலும் வீட்டில் பூசிப் பழகுங்கள். உங்களுக்கே அது உங்களுடைய வாசனையாகிவிட்ட பிறகு, சக ஆசிரியையின் கேள்வி காதில் விழாது.

ஆண்கள் ஃப்ரூட்டி ஃப்ளோரல் பூசலாமா? நண்பர்கள் கேலி செய்கிறார்கள். – வாசகர், சேலம்

தாராளமாகப் பூசலாம். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் வடிக்கப்படும் ரோஜா அத்தரைக் காதுமடலில் பஞ்சாக வைத்துக்கொண்ட ஆண்களை யாரும் கேலி செய்ததில்லை. கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிக்கும்போது மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் முகத்தை விலக்கிக்கொள்வதுமில்லை. பூவைப் பெண்ணுக்கு ஒதுக்கியது கடையின் அலமாரிப் பிரிப்பு. பேரிக்காய், ஆப்பிள், அன்னாசி வாசனைகள் ஆண்களுக்கென்றே விற்கப்படும் பெர்ஃப்யூம்களிலும் இருக்கின்றன. அட்டையில் அதைப் பெரிதாக எழுதுவதில்லை, அவ்வளவுதான். தொடக்கத்துக்கு, இனிப்புக் குறைந்து அடியில் தேவதாரு அல்லது வெட்டிவேர் இருக்கும் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, மேலே பெர்ஃப்யூமும் பூசினால் இரண்டும் மோதுமா? வரும் மாதம் தங்கையின் திருமணம். – வாசகி, திண்டுக்கல்

நிறைய மோதும். முழம் முழமாகப் பூவைச் சூடிக்கொண்டு, அதற்குமேல் சாக்லேட்டும் வனிலாவும் கலந்த கனமான பெர்ஃப்யூமை அடித்துக்கொண்டு ஒரே காரில் நான்கு பெண்கள் ஏறினால் என்ன நேரும் என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும்.

பழமும் பூவும் கலந்த வகை ஓரளவுக்கு ஒத்துப்போகும். ஏனென்றால் இந்த வகைப் பெர்ஃப்யூம்கள் பலவற்றின் நடுவில் இருப்பதும் மல்லிகைதான், அதுவும் சிலவற்றில் நம் ஊர் மல்லிகையே. கோவை, சத்தியமங்கலம் வட்டாரங்களிலும் மதுரை, திண்டுக்கல் பக்கங்களிலும் விளையும் குண்டுமல்லியும் பிச்சியும் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறி, மெழுகு போன்ற பொருளாக வடிக்கப்பட்டு, பின்னர் ஆல்கஹாலால் தூய்மையாக்கப்பட்டு, அப்சல்யூட் என்ற செறிந்த சாறாகப் பிரான்சு வரை செல்கின்றன. ஒரு கிலோ சாற்றுக்கு ஏறத்தாழ 600 முதல் 1000 கிலோ வரை பூ தேவைப்படும். பிச்சியை விடியற்காலையில் பறிப்பார்கள். குண்டுமல்லியையோ மொட்டாகப் பறித்து, இரவில் அது விரியும்வரை காத்திருந்துதான் கரைப்பானில் இடுவார்கள். விரியாத மொட்டில் மணம் பிறந்திருக்காது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி உங்கள் மாவட்டத்திலும் விளைகிறது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எனவே கூந்தலில் பூ இருக்கும் நாளில், பீச் அல்லது பேரிக்காய்ச் சாயலுள்ள, மல்லிகையை அடிப்படையாகக் கொண்ட மென்மையான ஒன்றை மணிக்கட்டில் மட்டும் தடவிக்கொள்ளுங்கள். கழுத்துப் பக்கத்தைப் பூவுக்கு விட்டுவிடுங்கள். செயற்கை மல்லிகையின் தட்டையான இனிப்பு உண்மையான மல்லிகையின் அருகே வந்தால் உடனே வெளுத்துவிடும் என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். உண்மை மல்லிகையில் இண்டோல் என்ற சேர்மம் ஒரு துளி மிருக வாடையைத் தருவதால்தான் அதற்கு ஆழம் வருகிறது. மலிவான பெர்ஃப்யூம்கள் பலவற்றில் அது இருக்காது. பட்டுப்புடவையின் மேலும் முத்து நகைகளின் மேலும் நேரடியாகத் தெளிக்க வேண்டாம். பட்டில் விழும் கறை எளிதில் போகாது, முத்து மங்கும். தெளித்து, உலரவிட்டு, பிறகு உடுத்துங்கள்.

கடையில் ஏ.சி.யில் முகர்ந்தபோது மிக நன்றாக இருந்த லிச்சி-ரோஜா பெர்ஃப்யூம், பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் தலைவலி தருமளவுக்கு ஏறிவிட்டது. அலுவலகம் போய்ச் சேர்ந்தால் சுத்தமாக இல்லை. நான் ஏமாந்துவிட்டேனா? போலியா? – வாசகி, சென்னை

போலியாக இருக்க வேண்டுமென்பதில்லை. சென்னையின் மே மாதம் அதைவிடக் கொடியது. வாசனைச் சேர்மங்கள் ஆவியாகும் வேகம் வெப்பத்தோடு கூடும். பழவாசனை தரும் எஸ்டர்கள் இயல்பாகவே இலேசானவை. மெல்ல மெல்ல ஒரு மணி நேரத்தில் வெளிவர வேண்டியவை வெயிலில் பத்தே நிமிடத்தில் மொத்தமாக எழுந்து வருகின்றன. காற்றில் ஈரமும் சேர்ந்தால் இனிப்பு மூக்கைவிட்டு நகராது. பிறகு அவை தீர்ந்துபோய், அடியில் இருக்கும் கஸ்தூரிச் சாயலோ மரவாசமோ மட்டும் மங்கலாக எஞ்சுகிறது. பீச்சுக்குரிய லாக்டோன் வகைகள் கனமானவை என்பதால் அவை இன்னும் சற்று நேரம் நிற்கும். சிட்ரஸ், பச்சை ஆப்பிள் ஆகியவை முதலில் ஓடிவிடுபவை.

"சுத்தமாக இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தோழி ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நம் மூக்கு ஒரே வாசனையில் சற்று நேரம் இருந்தால் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு மணக்காததைப் போல. இதை அறியாமல் மதியம் மறுபடியும் தெளித்துக்கொள்பவர்தான் அலுவலக லிஃப்டில் எல்லோருக்கும் தலைவலி கொடுப்பவர்.

அடுத்த முறை வாங்கும்போது காகிதத் துண்டில் முகர்ந்ததோடு முடிவு செய்யாமல், மணிக்கட்டில் பூசிக்கொண்டு வெளியே வந்து வெயிலில் நடந்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து என்ன மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். அந்த மிச்சத்தோடுதான் நீங்கள் நாள் முழுக்க வாழப்போகிறீர்கள். வியர்வைக்கு மேல் தெளிக்காதீர்கள். குளித்து உலர்ந்த தோலில் தெளித்து, வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கு இருபது நிமிடம் முன்பே பூசி முடியுங்கள். தோல் சிவந்தால் அல்லது அரித்தால் உடனே கழுவிவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். வாசனைப் பொருள் ஒவ்வாமை அரிதான ஒன்றன்று, "இயற்கையானது" என்று எழுதியிருப்பதாலும் அது வராமல் போகாது. புட்டியைக் குளியலறையிலும் கார் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். வெப்பமும் வெளிச்சமும் பழவாசனையைத்தான் முதலில் கெடுக்கும்.

எனக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. வருங்கால மனைவிக்கு ஒரு ஃப்ரூட்டி ஃப்ளோரல் பெர்ஃப்யூம் பரிசளிக்க விரும்புகிறேன். அவர் கலகலப்பானவர், குழந்தைகளோடு விளையாடுபவர், மஞ்சள் நிறம் பிடிக்கும். எதை வாங்கலாம்? – வாசகர், ஈரோடு

நீங்கள் எழுதிய மூன்று குறிப்புகளையும் மூன்று முறை படித்தேன். அவர் நல்லவர் என்று தெரிகிறது. அவருக்கு எந்த வாசனை பிடிக்கும் என்று தெரியவில்லை.

செக் நாட்டில் பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களுக்கு உதவும். சிலர் தாங்களாகவே தேர்ந்து வழக்கமாகப் பூசும் பெர்ஃப்யூமை ஓர் அக்குளிலும், ஆய்வாளர்கள் கொடுத்த வேறொன்றை மற்ற அக்குளிலும் பூசிக்கொண்டார்கள். அவர்கள் யார் என்று தெரியாத வேறு சிலர் அந்த அக்குள்களில் வைத்து எடுத்த பஞ்சுகளை முகர்ந்து மதிப்பிட்டார்கள். பெர்ஃப்யூம்களைத் தனியே முகர்ந்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் உடல்மணத்தோடு கலந்தபோது, அவரவர் தேர்ந்தெடுத்ததே இனிமையாக இருப்பதாகச் சொன்னார்கள். தன் உடலுக்கு எது இசையும் என்பது அந்த உடலுக்கு உரியவருக்குத் தன்னை அறியாமலே தெரிந்திருக்கிறது போலும். மேலும், மனிதரின் மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை இருந்தாலும் அவை ஆளுக்கு ஆள் சற்று மாறுபடுகின்றன. உங்களுக்கு லிச்சியாகத் தெரிவது அவருக்கு வேறொன்றாகத் தெரியலாம்.

ஆகவே பெரிய புட்டியை வாங்கிப் பட்டுக் காகிதம் சுற்றிக் கொடுக்காதீர்கள். இந்த வகையில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட நான்கைந்து சிறு மாதிரிப் புட்டிகளை வாங்குங்கள்: ஒன்று பேரிக்காய், ஒன்று பீச், ஒன்று லிச்சி-ரோஜா, ஒன்று இனிப்பு மிகுந்த பெர்ரி. அவற்றோடு, கிடைத்தால், பழுத்த மனோரஞ்சிதப் பூ ஒன்றையும் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து எந்தப் புட்டி முதலில் காலியாகியிருக்கிறது என்று கேளுங்கள். அதையே பெரிதாக வாங்குங்கள். எல்லாப் புட்டிகளும் அப்படியே இருந்தால், அவருக்கு மல்லிகைப்பூவே போதும் என்று அர்த்தம். அது உங்களுக்குச் செலவும் குறைவு.